பழைய வானின் பின்கதவை ஏன் வாங்கினோம்?



போன மாதம் நாம் ஒரு பழைய வானின் பின்கதவை வாங்கினோம். வானை அல்ல, பின்கதவை மட்டும். பழைய இரும்பு யாவாரியின் தராசில் நிறுத்து, கிலோக் கணக்கில் காசு கொடுத்து, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பாடசாலைக் களஞ்சிய அறையில் வைத்திருக்கிறோம். அதிபர் சிரித்தார். பிள்ளைகள், "சேர், இத வெச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்கள். ஊரில் சிலர் வேறு விதமாகவும் கேட்டார்கள். எல்லோருக்குமான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

நம்மூரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வானைத் தெரியும். பிடவை யாவாரத்துக்காக வாங்கப்பட்ட வான் அது. ஆனால் நடுச்சாமத்தில் நோவு கண்ட தாய்மாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், வெளியூரில் மௌத்தானவர்களின் ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவந்ததும், சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றதும் அதே வான்தான். எஞ்சின் கைவிட்ட பிறகு வளவுக்குள் மாமரத்தின் கீழ் நின்றது. உள்ளே விறகு அடுக்கினார்கள். கோழி அடைந்தது. அந்த ஒழுங்கையால்தான் நாம் தினமும் பாடசாலைக்குப் போனோம். ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் காஸ் கட்டரோடு ஆட்கள் வந்தார்கள். லுஹருக்கு முன்னர் வான் இல்லை. செய்தி கேட்டு நாம் போய்ச் சேர்ந்தபோது முழுதாகக் கிடந்தது பின்கதவு மட்டும். அதில் கையால் எழுதிய கடைப் பெயரும், இப்போது எவரும் பாவிக்காத பழைய தொலைபேசி இலக்கமும் அரைகுறையாகத் தெரிந்தன.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வளவு அவருடையது, வானும் அவருடையது, காசுக்குத் தேவையும் இருந்தது. குறை நம்மிலும் இருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாம். அந்த வான் என்னென்ன வேலை செய்தது என்று அதை ஓட்டியவரிடம் கேட்டு ஒரு பக்கமாவது எழுதி வைத்தோமா?

அதற்குப் பிறகுதான், வேறு நாடுகளில் காட்டிலும் பழைய இரும்புக் கிடங்கிலும் கிடக்கும் வான்களைத் தேடி மீட்பவர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். அவர்கள் அதிகம் தேடுவது ஒரு வகை வானைத்தான். வொக்ஸ்வாகன் கம்பனியின் கொம்பி. முன்முகத்தில் பெரிய வட்டச் சின்னமும், நடுவில் கோடு பிரிக்கும் இரட்டைக் கண்ணாடியும் கொண்ட அந்த வானைப் படத்திலாவது நீங்கள் கண்டிருப்பீர்கள்.

*ஒரு குறிப்புப் புத்தகத்தில் பிறந்த வான்*

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபோது, வொல்ஃப்ஸ்பேர்க் நகரிலிருந்த வொக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. அதை நடத்தியவர் மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட். தொழிற்சாலைக்குள் பாரமான பாகங்களை இழுக்க வண்டி இல்லாததால், பீட்டில் காரின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு தட்டைப் பொருத்தி, பின்னால் சாரதி இருந்து ஓட்டும் ஒரு தட்டு வண்டியை அவர்களே செய்துகொண்டார்கள்.

நெதர்லாந்தில் கார் இறக்குமதி செய்ய வந்திருந்த பென் பொன் என்ற வர்த்தகரின் கண்ணில் அது பட்டது. 1947 ஏப்ரல் 23ஆம் திகதி தனது குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் கீறினார். பாண் துண்டு போல ஒரு பெட்டி. முன்னால் சாரதி, பின்னால் எஞ்சின், நடுவில் சாமான். அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. பாரம் நடுவில் இருப்பதால், வான் வெறுமையாக ஓடினாலும் நிறைய ஏற்றி ஓடினாலும் முன் சில்லிலும் பின் சில்லிலும் விழும் சுமை ஏறக்குறைய சமமாகவே இருக்கும்.

அப்போது பீட்டில் கார் செய்வதற்கே தொழிற்சாலைக்குக் கை போதவில்லை. படம் கிடப்பில் போனது. 1948இல் ஹைன்ரிஹ் நோர்டொஃப் தலைமைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கியது. பீட்டிலின் அடிச்சட்டத்தில் செய்த முதல் மாதிரி, பாரத்தைத் தாங்காமல் வளைந்துபோனது. அடித்தளத்தைப் பலப்படுத்தித் திரும்பச் செய்தார்கள். 1950 மார்ச் 8ஆம் திகதி தொடர் உற்பத்தி ஆரம்பமானது. எஞ்சின் 1131 சிசி, 25 குதிரைவலு. பெரிய பலம் என்று சொல்ல முடியாது. ஆனால் முக்கால் தொன் சாமான் ஏற்றியது.

ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 10 வான்கள் வெளிவந்தன. 1956இல் இதற்கென்றே ஹனோவரில் தனித் தொழிற்சாலை கட்டினார்கள். 1967இல் ஜேர்மனியில் இந்த முதல் வடிவத்தை நிறுத்தும்போது கிட்டத்தட்ட 18 இலட்சம் வான்கள் ஓடியிருந்தன. பிரேசிலில் கொம்பி உற்பத்தி 2013 டிசம்பர் வரை நீடித்தது. 2014 முதல் புதிய வாகனங்களுக்கு எயார் பேக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னதால்தான் அங்கு நிறுத்தினார்கள்.

*அத்தனை வானும் எங்கே போயின?*

18 இலட்சத்தில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்கு. காரணம் எளிது. காரைக் கழுவித் துடைத்து வைப்பார்கள். வானை வேலை வாங்குவார்கள். பேக்கரிக்காரர், தச்சர், பால்காரர், அம்பியுலன்ஸ், தபால் என்று எல்லோரும் அதைச் சாகும்வரை ஓட்டினார்கள். பொருளுக்கு மதிப்பு வருவதற்கு முன்னரே அது தேய்ந்து முடிந்துவிடும்.

ஆனாலும் சில வான்கள் தப்பியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. எஞ்சின் செத்தாலும் வான் என்பது கூரையும் கதவும் உள்ள ஓர் அறை. விவசாயிகள் அதைக் கோழிக்கூடாக்கினார்கள். ஆயுதச் சாலையாக்கினார்கள். வேட்டைக்குப் போனவர்கள் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தங்குமிடமாக்கினார்கள். நம்மூர் மாமரத்தடியில் நடந்ததும் அதுதான்.

இந்த வானின் கதையில் கோழி வேறோர் இடத்திலும் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாக வந்து குவிகிறது என்று ஐரோப்பிய பொதுச் சந்தை நாடுகள் அதன் வரியை உயர்த்தின. பதிலுக்கு அமெரிக்கா 1963 டிசம்பரில் சில ஐரோப்பியப் பொருட்களுக்கு வரி அறிவித்தது. அதில் சிறிய சரக்கு வாகனங்களும் அடங்கின. வரி 25 வீதம். யன்னல் வைத்த பயணிகள் கொம்பிக்கு அந்த வரி இல்லை. யன்னல் இல்லாத சரக்குக் கொம்பிக்கு உண்டு. அதனால் அமெரிக்காவுக்குச் சரக்குக் கொம்பி வருவது பெரிதும் குறைந்துபோனது. இன்று அங்கே ஒரு பற்றைக்குள் அப்படியொன்று அகப்பட்டால் மீட்பவர்கள் பெருநாள் கொண்டாடுவதற்கு அந்தக் கோழிச் சண்டையும் ஒரு காரணம்.

*மீட்பது எப்படி?*

படங்களில் பார்க்கும்போது, போனார்கள், இழுத்தார்கள், கழுவினார்கள் என்று தெரியும். வேலை அப்படி இல்லை.

முதலில் காணிச் சொந்தக்காரரிடம் அனுமதி. பிறகு வாகனத்தின் பத்திரம். பத்திரம் தொலைந்திருந்தால் அடிச்சட்ட இலக்கம்தான் அடையாளம். கறல் அதைத் தின்றிருந்தால் அரை வேலை அங்கேயே முடிந்தது. அதன் பிறகு கத்தியும் வாளும். இருபது முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற வானுக்குள்ளாலும் சில்லுக்குள்ளாலும் மரம் வளர்ந்திருக்கும். மரத்தை அறுக்காமல் இழுத்தால் தகரம் கிழிந்து கையோடு வரும். பிரேக் இறுகிச் சில்லு சுற்றாது. அவசரப்பட்டு இழுத்தால், பலமற்றுப்போன அடித்தகரம் நடுவால் மடிந்துவிடும். அதனால் குறுக்குக் கம்பிகள் வைத்து இறுக்கிக் கட்டி, கையால் சுற்றும் இழுவையால் சாண் சாணாக வெளியே எடுக்கிறார்கள்.

வெளியே வந்தால் மேல்தகரம் நன்றாக இருக்கும். கீழே தட்டிப் பார்த்தால் விரல் உள்ளே போகும். ஈரக் காட்டில் கிடந்த வானுக்கும் வறண்ட பாலைவனத்தில் கிடந்த வானுக்கும் இதுதான் வித்தியாசம். அமெரிக்காவின் அரிசோனா போன்ற இடங்களின் பழைய இரும்புக் கிடங்குகளை மீட்பவர்கள் விரும்புவதும் அதனால்தான். அங்கே வெயில் பெயின்டைத் தின்னும், தகரத்தை விட்டுவிடும்.

எஞ்சின் பல வான்களில் இருக்காது. ஆரம்பகாலக் கொம்பியின் எஞ்சின் பீட்டில் காருக்கும் பொருந்தும் என்பதால் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இருந்தால், உடனே ஸ்டார்ட் அடிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தால் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். நம்மூர் கராஜ் பாஸ்மாருக்கு இதெல்லாம் புதிதல்ல.

எமக்கு அதிகம் பிடித்தது இன்னொரு வேலை. சில வான்களில் மேற்பெயின்டை மெல்லிய தாளால் தேய்த்து எடுக்க எடுக்க, அடியில் பழைய எழுத்துத் தெரியவரும். ஒரு பேக்கரியின் பெயர். ஒரு குழாய் வேலைக்காரரின் விலாசம். அந்தக் கடை மூடிப் பல வருடமாகியிருக்கும். சில மீட்பவர்கள் அந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். புதுப் பெயின்ட் அடிப்பதில்லை. எழுத்துத் தெரியும்படி அப்படியே விட்டு ஓட்டுகிறார்கள்.

எல்லோரும் அப்படியல்ல. 23 யன்னல்கள் கொண்ட சம்பா என்ற ஆடம்பர வகைக் கொம்பி 2011இல் அமெரிக்க ஏலமொன்றில் 2 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அதற்குப் பிறகு தேடுபவர்கள் கூடினார்கள். நன்மையும் நடந்தது, கெடுதியும் நடந்தது. பல வான்கள் வெட்டுக்குப் போகாமல் தப்பின. ஆனால் பலவற்றை மினுங்க மினுங்கப் புதிதாக்கி, அவை யாருக்காக என்ன வேலை செய்தன என்ற அடையாளத்தையே துடைத்துவிட்டார்கள். காட்சிக்கு அழகாக நிற்கும். கேட்டால் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்காது.

*ஒரு பஸ், ஒரு பள்ளிக்கூடம்*

இப்போது நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம். காசுக்காக அல்லாமல், செய்த வேலைக்காக மீட்கப்பட்ட ஒரு கொம்பியின் கதை இது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ள்ஸ்டன் நகருக்கு அருகே ஜோன்ஸ் தீவு என்று ஓர் இடம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் விவசாயம் செய்து வாழ்ந்த இடம். அங்கே 1910இல் பிறந்தவர் ஈசோ ஜென்கின்ஸ். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மரக்கறி பயிரிட்டு சார்ள்ஸ்டனில் விற்றார். அங்கே கடை வைத்திருந்தவர்களில் பலர் கிரேக்கர்கள் என்பதால், யாவாரத்துக்காகக் கிரேக்க மொழியையும் கற்றுக்கொண்டார்.

தீவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பாடசாலை இல்லை. 1945இல் ஜென்கின்ஸ் ஒரு பஸ் வாங்கிப் பிள்ளைகளை சார்ள்ஸ்டனுக்கு ஏற்றத் தொடங்கினார். வேலைக்குப் போகும் பெரியவர்களும் ஏறினார்கள். அந்தக் காலத்தில் அங்கே வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால், மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரியின் முன் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத கறுப்பின மக்களை வாக்குரிமையிலிருந்து தள்ளி வைக்க அது வசதியான வழி. ஜென்கின்ஸ் அந்த அரசியலமைப்புப் பகுதியைப் பிரதி எடுத்துப் பயணிகளிடம் கொடுத்தார். போகும் வழியில் பஸ்ஸுக்குள்ளேயே பாடம் நடந்தது.

அலிஸ் வைன் என்ற பெண், வாசிக்கத் தெரியாமலே அந்தப் பகுதி முழுவதையும் மனனம் செய்து ஒப்புவித்து வாக்காளராகப் பதிந்துவிட்டார். ஆனால் அவர் அதோடு திருப்திப்படவில்லை. தனக்கு உண்மையாகவே வாசிக்கப் பழக்கும்படி கேட்டார். பஸ் பயணம் அதற்குப் போதாது. தனி வகுப்பு வேண்டும்.

இந்த இடத்தில் செப்டிமா கிளார்க் வருகிறார். ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட சங்கமொன்றின் உறுப்புரிமையைக் கைவிட மறுத்ததால், நாற்பது வருடச் சேவைக்குப் பிறகு 1956இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அவரும் ஜென்கின்ஸும் டென்னசி மாநிலத்தின் ஹைலண்டர் மக்கள் பாடசாலையின் உதவியோடு, 1957 ஜனவரி 7ஆம் திகதி ஜோன்ஸ் தீவில் முதலாவது குடியுரிமைப் பாடசாலையைத் தொடங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்னறையில் வகுப்பு. கடைக்கு வருவது போல வரலாம், எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். கற்பித்தவர் பேர்னிஸ் ரொபின்சன். அவர் பயிற்றப்பட்ட ஆசிரியை அல்ல, சிகை அலங்காரம் செய்பவர். பெரியவர்களைச் சிறுபிள்ளைகள் போல நடத்தாத ஒருவர் வேண்டும் என்றே அவரைத் தெரிவு செய்தார்கள். கடிதம் எழுதுவது, பெயரை எழுதுவது, படிவம் நிரப்புவது என்று அவர்களின் அன்றாடத் தேவையிலிருந்துதான் பாடம் தொடங்கியது.

கலாசாலையில் எமக்குக் கற்பித்தல் முறைகள் என்று எத்தனையோ விரிவுரைகள் நடந்தன. குறிப்பெடுத்தோம், பரீட்சை எழுதினோம். ஓடும் பஸ்ஸுக்குள் வகுப்பு நடத்தலாம், கடைப் பின்னறையில் ஒரு சமூகத்தின் தலையெழுத்தை மாற்றலாம் என்று அங்கே நாம் கேள்விப்படவில்லை.

அந்தக் குடியுரிமைப் பாடசாலைகள் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவின. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அத்திட்டத்தைப் பொறுப்பேற்றது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்து, வாசிப்புப் பரீட்சை என்ற தடையை அகற்றியது.

அதற்குப் பிறகு ஜென்கின்ஸும் அவருடைய மனைவி ஜேனியும் பாவித்ததுதான் 1966ஆம் வருட வொக்ஸ்வாகன் வான். முதலில் பாடம் நடந்த பஸ் இதுவல்ல. ஆனால் அந்த வேலையின் தொடர்ச்சி இது. தீவுக்கும் நகரத்துக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓடியது. பின்பக்கத்தில் ஜென்கின்ஸ் ஒரு வாசகத்தை எழுதுவித்திருந்தார்: "அன்பு முன்னேற்றம், வெறுப்புக்கு விலை அதிகம்." பின்னால் வரும் எவரும் அதை வாசிக்காமல் போக முடியாது.

1972இல் ஜென்கின்ஸ் வாகன விபத்தொன்றில் இறந்தார். வான் வீட்டு வளவில் நின்றது. நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. மழையும் உப்புக் காற்றும் கறலும் தின்றன. குடும்பத்தார் அதை இரும்புக்கு விற்கவில்லை. அந்த ஒரு விடயம் இல்லையென்றால் மற்றதெல்லாம் இல்லை.

வொஷிங்டனில் ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கென ஸ்மித்சோனியன் நிறுவனம் அருங்காட்சியகம் அமைத்தபோது, அந்த வாசகம் எழுதிய பின்பக்கத் தகரத்தைக் குடும்பத்தாரிடமிருந்து பெற்றுக்கொண்டது. பிறகு மிச்ச வானுக்கும் விடிவு வந்தது. அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. 2019 செப்டெம்பரில் தலைநகரின் நடுவே, கண்ணாடிக் கூண்டுக்குள் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

அதை அவர்கள் புதிதாக்கவில்லை. கறலை மறைத்துப் பெயின்ட் அடிக்கவில்லை. இனிமேல் சிதையாதபடி தகரத்தைப் பலப்படுத்தி, கறலோடும் உடைவோடும் அப்படியே வைத்தார்கள். ஏனென்றால் அந்த நாற்பது வருட மறதியும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி.

*நமக்கு என்ன?*

நம் நாட்டுக்குப் பழைய வாகனம் புதிய விடயமல்ல. இறக்குமதி இறுக்கமாக இருந்த எழுபதுகளில் நம் பாஸ்மார் தகரத்தைத் தட்டித் தட்டியே வாகனங்களை ஓடவைத்தார்கள். அந்தக் கைத்திறனில்தான் காலியில் ஒரு தொழிற்சாலை மொரிஸ் மைனருக்குரிய தகரப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. அந்தக் காரைப் பிறப்பித்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பியிருக்கிறோம். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோதும் நம்மைக் காப்பாற்றியது அதே பழைய வாகனங்களும் அதே பாஸ்மாரும்தான்.

ஆகவே திறமைக்குக் குறைவில்லை. குறை எழுதி வைப்பதில்தான். ஜென்கின்ஸின் வானைப் போலக் கறல் பிடித்த எத்தனையோ வான்கள் அமெரிக்காவில் கிடந்திருக்கும். அது என்ன செய்தது என்று சொல்ல அவருடைய பிள்ளைகளும் அந்தத் தீவு மக்களும் இருந்தார்கள். அதனால்தான் அது தலைநகருக்குப் போனது.

எல்லாப் பழைய வானையும் வளவில் வைத்திருங்கள் என்று நாம் கேட்கவில்லை. அது நடக்காது, நியாயமுமில்லை. நுளம்பு பெருகும், இடம் போகும். விற்பதற்கு முன் ஒரு நாள் மட்டும் தாருங்கள் என்றே கேட்கிறோம். எமது வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கொப்பியோடு வருவார்கள். நாலு பக்கமும் படம் எடுப்பார்கள். இலக்கத் தகட்டில் இருப்பது ஆங்கில எழுத்தா, 'ஸ்ரீ' எழுத்தா, வெறும் இலக்கமா என்று குறிப்பார்கள். தகட்டின் அமைப்பே வாகனத்தின் காலத்தைச் சொல்லும். பழைய பதிவுப் புத்தகம் இருந்தால் பிரதி எடுப்பார்கள். முக்கியமாக, ஓட்டிய சாரதி ஹயாத்தோடு இருந்தால் அவரிடம் இருந்து கேட்பார்கள். எங்கே போனது, யாரை ஏற்றியது, எந்த இரவை அவர் மறக்கவில்லை என்று கேட்பார்கள்.

வெட்டப்பட்ட நம்மூர் வானை ஓட்டிய காக்காவைப் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சந்தித்தோம். இப்போது கண் பார்வை மங்கல். பின்கதவு எம்மிடம் இருக்கிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"கைபிடி இரிக்கா தம்பி?"

"இரிக்கி காக்கா. ஆனா திறபடுதில்ல."

"அது அப்பவே அப்படித்தான். கொஞ்சம் மேல தூக்கிட்டு இழுக்கணும்."

பாடசாலைக்கு வந்து தூக்கி இழுத்துப் பார்த்தோம். பூட்டு திறந்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். அந்த வானில் பிறந்தவர்கள், அதில் பரீட்சைக்குப் போனவர்கள், அது நிற்கும் பழைய படம் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் அதற்கு முன் எமக்கு அறியத் தாருங்கள்.